நோட்டும் பேனாவுமாக உட்காரும் மாணவிகள் யார்? அரசு ஆஸ்பத்திரி மனநல பிரிவில் நடப்பது என்ன?

நாமக்கல்,

அரசு ஆஸ்பத்திரியில் மனநல பிரிவுக்கு போனவர்கள் கவனித்திருக்கலாம். டாக்டர் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில், கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை, மடியில் நீள நோட்டுடன் 2 அல்லது 3 மாணவ-மாணவிகள் உட்கார்ந்திருப்பார்கள். ஓ.பி. சீட்டு வாங்கி வருகிறவர்களை கூப்பிட்டு, "உட்காருங்கம்மா, எத்தனை நாளா தூக்கம் இல்லைங்க?" என்று விசாரிப்பார்கள்.

சிலர் டாக்டர் என்றே நினைத்து கும்பிட்டு விடுகிறார்கள். சிலர் முகத்தை திருப்பிக்கொண்டு, "படிக்கிற புள்ளைங்ககிட்ட எங்கூட்டு கதையை எதுக்குங்க சொல்லோணும்?" என்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். அந்த மாணவர்கள் யார், அவர்களிடம் எதை சொல்லலாம், எதை எதிர்பார்க்க கூடாது என்பது நோயாளியை அழைத்து வருகிற குடும்பத்துக்கு தெரிந்திருக்க வேண்டும்.

4 வகை மாணவர்கள்

எம்.எஸ்.டபிள்யூ. எனப்படும் சமூகப்பணி பட்டம் படிப்பவர்கள் ஒரு வகை. இவர்களுக்கு வாரத்தில் 2 நாள் களப்பணி உண்டு. படிப்பு முடியும் நேரத்தில் ஒரு மாதம் தொடர்ச்சியாக ஒரே இடத்தில் வேலை செய்ய வேண்டும். உளவியல் படிப்பவர்கள் இரண்டாவது வகை. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலேயே உளவியல் துறை இருக்கிறது. மூன்றாவது, நர்சிங் மாணவிகள். பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் மனநல நர்சிங் ஒரு தனி பாடம், அதற்கு வார்டு பயிற்சியும் உண்டு.

நான்காவது வகைதான் நிஜமாகவே டாக்டர்கள். எம்.பி.பி.எஸ். முடித்து ஓராண்டு பயிற்சியில் இருப்பவர்கள். முன்பெல்லாம் விருப்பப்பட்டவர்கள் மட்டுமே மனநல பிரிவுக்கு வந்தார்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2021-ல் கொண்டு வந்த விதிப்படி 2 வாரம் அங்கே கட்டாயம். நாமக்கல் அரசு மருத்துவக்கல்லூரி 100 இடங்களுடன் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. நாலரை ஆண்டு படிப்பு கணக்குப்படி முதல் அணி பயிற்சிக்கு வர வேண்டியது 2026-ல்.

பயிற்சி டாக்டர்களுக்கு அரசு உதவித்தொகை தருகிறது. எம்.எஸ்.டபிள்யூ., உளவியல் மாணவர்களுக்கு பெரும்பாலும் கிடையாது. சாப்பாடு, பஸ் செலவு எல்லாம் கைக்காசு. 2021-ல் இருந்து சாதாரண டவுன் பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது மாணவிகளுக்கு ஓரளவு ஆறுதல்.

ஆள் எங்கே?

மத்திய அரசின் தேசிய மனநல திட்டம் 1982-ல் தொடங்கியது. மாவட்ட மனநல திட்டம் 1996-ல் வந்தது. தமிழ்நாட்டில் அது முதலில் கால் வைத்தது நாமக்கல்லுக்கு பக்கத்து மாவட்டமான திருச்சியில்தான். மனநல டாக்டர், உளவியலாளர், சமூகப்பணியாளர், நர்சு என்று ஒரு சின்ன குழு. அந்த குழு மாவட்ட தலைநகரிலும் பார்க்க வேண்டும், குறிப்பிட்ட நாளில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் போக வேண்டும். பள்ளி, கல்லூரிகளில் விழிப்புணர்வு கூட்டமும் நடத்த வேண்டும்.

பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் 2015-16-ல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் ஆய்வு நடத்தியது. பெரியவர்களில் 100-க்கு 10 அல்லது 11 பேருக்கு ஏதாவது ஒரு மனநல பிரச்சினை இருந்தது. அவர்களில் சிகிச்சைக்கு வராதவர்கள், நோய்க்கு நோய் வித்தியாசப்பட்டாலும், 100-க்கு 70 முதல் 92 பேர் வரை. நாமக்கல் மாவட்ட மக்கள்தொகை 2011 கணக்குப்படியே 17 லட்சத்துக்கு மேல். கணக்கை வாசகர்களே போட்டுக்கொள்ளலாம்.

ஓ.பி. நாளில் கூட்டம் நிற்கும்போது ஒரு டாக்டர் ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம் கொடுக்க முடியும்? டாக்டரிடம் இல்லாத நேரம் மாணவரிடம் இருக்கிறது. அரை மணி, முக்கால் மணி உட்கார்ந்து கேட்கலாம். எப்போது ஆரம்பித்தது, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா, காதில் யாரோ பேசுகிற மாதிரி கேட்கிறதா, பசி எப்படி, குடி உண்டா, கடன் உண்டா என்று விசாரித்து எழுதி டாக்டர் மேஜையில் வைப்பார்கள். டாக்டர் அதை வைத்து மேற்கொண்டு பரிசோதிப்பார்.

மாத்திரை ஏன் நிற்கிறது?

இந்த நோட்டில் விழும் முக்கியமான தகவல், நோயாளி மாத்திரையை ஏன் நிறுத்தினார் என்பதுதான். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம். ஆனாலும் நிற்கிறது. காரணத்தை டாக்டரிடம் சொல்ல பயப்படுகிறவர்கள், மகள் வயசு பெண்ணிடம் சொல்லி விடுகிறார்கள்.

நாமக்கல் மாவட்டத்தின் தொழிலை பார்த்தாலே காரணம் பாதி தெரியும். திருச்செங்கோட்டில் இருந்து ரிக் வண்டியில் போர் போட வடமாநிலங்களுக்கு போகிறவர், திரும்பி வர மாத கணக்காகும். கையில் கொடுத்த மாத்திரை 30 நாளில் தீர்ந்து போகும். அங்கே மொழியும் தெரியாது, எந்த ஆஸ்பத்திரியில் கேட்பது என்றும் தெரியாது. லாரி டிரைவருக்கு வேறு கவலை. மாத்திரை போட்டால் கண்ணை சொக்குகிறது, ஸ்டியரிங்கை பிடிப்பது எப்படி? பள்ளிபாளையம், குமாரபாளையத்தில் நைட் ஷிப்டு தறி ஓட்டுகிறவருக்கும் அதே கதை. ஆஸ்பத்திரிக்கு வந்தால் ஒரு நாள் கூலி போச்சு.

இது தெரிந்தால் டாக்டரால் வழி செய்ய முடியும். மாத்திரையை வேறு நேரத்துக்கு மாற்றலாம், அளவை குறைக்கலாம், தூக்கம் குறைவாக வரும் வேறு மருந்து தரலாம். மருந்து ஒத்துக்கொள்ளும் வரை வண்டியை தொட வேண்டாம் என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்லி அனுப்பலாம். தெரியாவிட்டால், "மருந்து வேலை செய்யவில்லை" என்று நினைத்து டோசை கூட்டுகிற நிலைமைதான் வரும். வராதவர்களின் பட்டியலை எடுத்து போன் போட்டு, "ஏனுங்க அண்ணா, போன வாரம் வரலைங்களே" என்று கேட்பதும் மாணவர் வேலை. ஆலோசனை என்ற பெரிய பெயரை விட, இந்த ஒரு போன்தான் பல பேரை திரும்ப அழைத்து வருகிறது.

கோவிலும் போலீசும்

குணசீலம் பெருமாள் கோவிலில் 48 நாள் தங்கினால் சரியாகும் என்று நம்பி போகிற குடும்பங்கள் இந்த பக்கத்தில் நிறைய. அதை கேலி செய்கிற மாணவரிடம் அந்த குடும்பம் மறுபடி வாய் திறக்காது. "கோவிலுக்கு போங்க, மாத்திரையையும் கொண்டு போங்க" என்று சொல்ல பழகுவதே பயிற்சியில் பாதி.

ஆனால் சங்கிலி மட்டும் கூடாது. 2001 ஆகஸ்டு 6-ந்தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், கட்டி வைக்கப்பட்ட மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்ததை தமிழ்நாடு மறக்கவில்லை. 2017-ம் ஆண்டு மனநல பராமரிப்பு சட்டம் சங்கிலி போடுவதை அடியோடு தடை செய்கிறது.

இன்னொரு பயம் போலீஸ் கேஸ். தற்கொலைக்கு முயன்றவரை ஆஸ்பத்திரிக்கு கொண்டு வந்தால் வழக்கு போட்டு உள்ளே தள்ளி விடுவார்கள் என்று மறைக்கிறார்கள். 2017 சட்டமே, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றுதான் கருத வேண்டும், தண்டிக்க கூடாது என்றது. 2024 ஜூலை 1-ந்தேதி வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் பழைய 309-வது பிரிவு இல்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திப்பதற்காக முயன்றால் மட்டுமே தண்டனை உண்டு. 2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 19 ஆயிரத்து 834 பேர் தற்கொலை செய்து கொண்டதாக தேசிய குற்ற ஆவண காப்பகம் சொல்கிறது. நாட்டிலேயே 2-வது இடம். "சாகணும்னு தோணுதுங்களா?" என்று நேரடியாக கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்து விடாது. கேட்டால்தான் பலர் உடைந்து சொல்கிறார்கள். பதில் "ஆமாம்" என்றால் மாணவர் அப்போதே எழுந்து டாக்டரிடம் போக வேண்டும். தானே ஆறுதல் சொல்லி அனுப்பி விட கூடாது.

உங்களுக்கு உள்ள உரிமை

மாணவரிடம் பேச விருப்பம் இல்லை என்றால் சொல்லி விடலாம். அதற்காக சிகிச்சை தர மாட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது. நோயாளியின் விவரம் ரகசியம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் "இன்றைய அனுபவம்" என்று போடுவது சேவை அல்ல, தப்பு. மாணவர் தனியாக ஆலோசனை கொடுப்பதும், மாத்திரையை கூட்டு, குறை என்பதும் கூடாது.

இன்னொரு உதவியும் கேட்கலாம். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் வருகிறது. தன்னை கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசுவது, வேலை செய்வது ஆகிய நான்கையும் பார்த்து டாக்டர் சதவீதம் போடுவார். 40 சதவீதம் இருந்தால் சான்றிதழ் பலன் உண்டு. எந்த பேப்பர், எந்த மேஜை என்று அலையும் குடும்பத்துக்கு கூட நடந்து போவது களப்பணிதான்.

செமஸ்டர் முடிந்தால்?

சிக்கல் இங்கேதான். 2 மாதம் பேசி பழகி, மனதில் உள்ளதை எல்லாம் கொட்டிய பிறகு, "அந்த புள்ளை எங்கீங்க?" என்று கேட்டால் செமஸ்டர் முடிந்து போய் விட்டார் என்று பதில் வரும். நோயாளிக்கு அது இன்னொரு ஏமாற்றம். அடுத்த அணியிடம் முதலில் இருந்து கதை சொல்ல அவர் தயாராக இருக்க மாட்டார். அதோடு ஆஸ்பத்திரி பக்கமே வராமல் நின்று விடவும் வாய்ப்பு உண்டு.

அதனால்தான் முதல் நாளே "நான் இத்தனை வாரம்தான் இருப்பேன்" என்று சொல்லி விட வேண்டும் என்று மாணவர்களுக்கு கற்றுத்தரப்படுகிறது. கடைசி வாரம், நோயாளியை நிரந்தர ஊழியரிடம் நேரில் அழைத்துப்போய், "இனிமே இந்த சார்தாங்க உங்களை பார்ப்பாரு" என்று அறிமுகம் செய்ய வேண்டும். நோட்டு ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டும், ஹாஸ்டலுக்கு போக கூடாது.

ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக பேசலாம். 2022 அக்டோபர் 10-ந்தேதி தொடங்கிய இந்த சேவையில் தமிழிலும் பேசுகிறார்கள். ரிக் வண்டியில் வெளிமாநிலம் போனவர்களும் அங்கிருந்தே கூப்பிடலாம். தமிழ்நாட்டுக்குள் 104-க்கும் போன் செய்யலாம்.