கருவுக்காகக் காத்திருக்கும் பெண்களுக்குச் சில தளர்வுப் பயிற்சிகள்

"டென்ஷன் ஆகாம இரு, தானா தங்கும்." குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும் பெண்கள் எல்லார் வாயிலிருந்தும் கேட்பது இது. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். கேட்பவளுக்கோ, தங்காமல் போனதற்குத் தானே காரணம் என்று தோன்றிவிடுகிறது.

அது உண்மையல்ல. 2011-இல் ஆய்வாளர் ஜாக்கி பாய்வினும் குழுவினரும் 14 ஆய்வுகளில் இடம்பெற்ற 3,583 பெண்களின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். சிகிச்சைக்கு முன் மனஉளைச்சல் இருந்ததற்கும் அந்தச் சிகிச்சைச் சுற்றில் கரு தங்காததற்கும் தொடர்பு தெரியவில்லை. அழுததால் கரு தங்காமல் போய்விடாது.

அப்படியென்றால் இந்தப் பயிற்சிகள் எதற்கு? உங்களுக்காக. இரவில் தூங்க, ஊசிக்கும் ஸ்கேனுக்கும் நடுவே சாப்பிட, வேலைக்குப் போக. குழந்தையின்மைக்குச் சிகிச்சை பெறும் பெண்களின் மனவேதனை, புற்றுநோயாளிகளின் வேதனைக்கு இணையாக இருப்பதை உளவியலாளர் ஆலிஸ் டோமர் 1993-லேயே பதிவு செய்திருக்கிறார். இவ்வளவு பாரத்தைச் சுமப்பவரிடம் "சும்மா இரு" என்றால் போதாது. எப்படி என்று சொல்லித்தர வேண்டும்.

முதலில் மூச்சு. மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை இழுங்கள், ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். அடக்க வேண்டாம். வெளிமூச்சு நீளும்போது வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைக் குறைக்கும். வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ளும் முன் இரண்டு நிமிடம் இதைச் செய்தால் கைநடுக்கம் குறையக்கூடும்.

அடுத்தது, அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த தசைத் தளர்வு. என்னைக் கேட்டால், கருவைக் கருப்பையில் வைத்த பின் ரத்தப் பரிசோதனை வரை காத்திருக்கும் அந்த இரண்டு வாரத்துக்கு இதுதான் மிகவும் பொருத்தம். மனதை அடக்கச் சொல்லாமல் உடம்புக்கு ஒரு வேலை கொடுக்கிறது. படுத்துக்கொண்டு வலக்கை முஷ்டியை ஐந்து நொடி இறுக்குங்கள், சட்டென்று விடுங்கள். விரல்களில் சூடு பரவுவதை இருபது நொடி கவனியுங்கள். பிறகு இடக்கை, தோள், நெற்றி, தாடை, தொடை, பாதம். தாடையில் கொஞ்சம் நிதானியுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது பலருக்கு அப்போதுதான் தெரியும். கருமுட்டை எடுத்த பிறகும் கரு வைத்த பிறகும் வயிற்றை இறுக்க வேண்டாம். நடைப்பயிற்சி, யோகாவை டாக்டரிடம் கேட்டுத் தொடருங்கள்.

பயிற்சிகள் ஒருபுறம் இருக்கட்டும். சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போக மனம் வரவில்லையா? போக வேண்டாம். "விசேஷம் உண்டா?" என்ற கேள்விக்குக் கணவரே பதில் சொல்லட்டும். குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதிக்கு ஆண்களின் பங்கும் இருக்கிறது. பதில் சொல்லும் பொறுப்பு மட்டும் ஏன் பெண்ணுக்கு?

இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வருகிறது என்றால், மூச்சுப் பயிற்சியோடு நின்றுவிடாதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.