கறுப்புக் கார் வாங்கலாமா?

சொக்லட், பிஸ்கட் மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார்: "நானா, நல்ல விலைக்கு ஒரு கறுப்புக் கார் வருது. லீசிங்கில எடுக்கவா?" நான் எட்டு வருடம் கறுப்புக் கார் ஓட்டியவன். அதனால்தான் என்னிடம் கேட்டார்.

கறுப்பு எடுப்பான நிறம்தான். பொலிஷ் போட்டால் பழைய காரும் புதிதாகத் தெரியும். கல்யாண வீடுகளில் தனி மரியாதை. ஆனால் அந்த அழகு கழுவிய அன்றோடு சரி. திருகோணமலை உட்துறைமுக வீதியில் இரவு நிறுத்தினால் காலையில் உப்புத்தூள் வெள்ளையாகத் தெரியும். அவசரத்தில் உலர்ந்த துணியால் துடைத்துத் துடைத்தே என் காரை வலைபோலக் கீறலாக்கினேன்.

அதைவிடப் பெரிய செலவு வெயில். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் கறுப்பு, வெள்ளி நிற ஹொண்டா சிவிக் கார்கள் இரண்டை வெயிலில் நிறுத்தி ஆராய்ந்து, 2011 இல் முடிவை வெளியிட்டது. ஒரு மணி நேரத்தில் கறுப்புக் காரின் உட்புறம் 5 முதல் 6 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறியிருந்தது. அந்தச் சூட்டைத் தணிக்க ஏசி குடிப்பது நமது பெற்றோலைத்தான். இவரோ காரிலேயே சொக்லட் கொண்டு போகிறவர்! கடை முன்னால் நிழலும் இல்லையாம்.

நிறத்தை மாற்றலாமே என்றார். பதிவுப் புத்தகத்திலும் நிறத்தை மாற்ற வேண்டும். பெயின்ட் செலவு வேறு.

ஒன்று மட்டும் வாங்குபவருக்கு வாய்ப்பு. நெளிவும் ஒட்டு வேலையும் கறுப்பில் இலகுவில் மறையாது. நண்பகல் வெயிலில் போய்ப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு வந்தவர், வெள்ளைக் கார் தேடுகிறார்.