யார் கொடுத்த புத்தகம்? – 17: தோரணம் கட்டிய வீடு

கு. அழகிரிசாமியின் கடிதங்களில் விட்ட இடம் நினைவிருக்கும்: இடைசெவல்காரர்கள் இருவர், அழகிரிசாமி வெளியூரில், கி.ரா. ஊரில், நடுவில் தபால்காரர். நினைவில்லாதவர்கள் போன வார இதழைப் பழைய பேப்பர் கட்டிலிருந்து உருவிக்கொள்ளுங்கள். இந்த வாரம் எனக்கு இட நெருக்கடி.

நெருக்கடிக்குக் காரணம் ஒரு மாவிலைத் தோரணம்.

இப்போது என்ன படிக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு மேசைமேல் மூன்று புத்தகங்கள் கிடக்கின்றன. யார் கொடுத்தது என்பதை முதலில் சொல்லிவிடுவது இந்தத் தொடரின் ஒழுங்கு. உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’, நண்பரின் மாமனார் வீட்டுப் பரணிலிருந்து இறங்கியது. எஸ்.ஆர். ரங்கநாதன் ஆங்கிலத்தில் எழுதிய ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’, ஒரு கல்லூரி நூலகர் தன் பெயரில் எடுத்துக் கொடுத்தது. தொ. பரமசிவனின் ‘அறியப்படாத தமிழகம்’, பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கையிலிருந்தது. நான் எட்டி எட்டிப் பார்ப்பதைப் பொறுக்க முடியாமல், இறங்கும்போது “வச்சிக்கிடுங்க சார், நான் ரெண்டு தடவை படிச்சாச்சு” என்று என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

மூன்றுக்கும் ஆளுக்கு ஒரு பங்கு என்றுதான் திட்டம். முதல் புத்தகம் மற்ற இரண்டின் பங்கையும் விழுங்கிவிட்டது.

1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை, கும்பகோணம். அந்தச் சந்திப்பைப் பள்ளிக்கூடப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். அரியலூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார் ஒரு பக்கம். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த 25 வயது சாமிநாதையர் மறுபக்கம். திருவாவடுதுறை ஆதீனத்தின் சுப்பிரமணிய தேசிகர் போய்ப் பார்க்கச் சொன்னதால் வந்தவர். யாரிடம் பாடம் கேட்டீர்கள் என்று முன்சீப் கேட்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் என்கிறார் இவர். காவிரிக்கரையில் எந்த வீட்டுத் திண்ணையிலும் அந்தப் பெயரைச் சொன்னால் உள்ளே கூப்பிட்டு மோர் கொடுப்பார்கள். முதலியார் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை.

என்னென்ன படித்திருக்கிறீர்கள்? அடுத்த கேள்வி இது. சாமிநாதையர் பட்டியலை எடுத்து விடுகிறார். அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், தலபுராணங்கள், அடுக்கிக்கொண்டே போகிறார். எல்லாம் முறையாகப் பாடம் கேட்டவை. முதலியாருக்கு அதிலும் திருப்தி இல்லை. இதெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்ற தோரணையில் தட்டிவிட்டு, இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்கள் உண்டா என்கிறார். சீவக சிந்தாமணி படித்தது உண்டா? மணிமேகலை? சிலப்பதிகாரம்? இல்லை. புத்தகத்தைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. ஏடு கிடைத்தால் படித்துவிடுவேன் என்கிறார் சாமிநாதையர். பொருள் செய்துவிடலாம் என்ற தெம்பு அவருக்கு இருந்தது.

இதுவரை எல்லாரும் சொல்லும் கதை. அந்த நிமிடத்தில் ஒரு பண்டிதருக்கு ஞானம் பிறந்தது என்று மேடையில் முடித்துவிடுவார்கள், கைதட்டலும் விழும். எனக்கு முதலியாரைப் பற்றித்தான் பேச வேண்டும். ஒருவர் படித்த பட்டியலைக் கேட்டு உதட்டைப் பிதுக்க யாராலும் முடியும். புத்தகக் காட்சி வாசலில் பத்து நிமிடம் நின்று பாருங்கள், அந்த வேலைக்கு ஆள் பஞ்சமே இல்லை. முதலியார் அதோடு நிற்கவில்லை. மறுபடி வரச் சொன்னார். வந்தவரிடம் தாம் வைத்திருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியை எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, இதை எனக்குப் பாடம் சொல்லுங்கள் என்று உட்கார்ந்துகொண்டார். படித்தீர்களா என்று மடக்கியவரே மாணவரானார். தமக்கே புரியாத ஒரு நூலை, கேள்வி மேல் கேள்வி கேட்கும் ஒரு முன்சீபுக்கு, சொன்ன நாளில் சொல்லிக் கொடுத்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது சாமிநாதையருக்கு. கெடு இருந்தால்தான் வேலை நடக்கும் என்பதை, புதன்கிழமை மாலையில் இதை எழுதிக்கொண்டிருக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சிந்தாமணி லேசுப்பட்டதல்ல. திருத்தக்கதேவர் செய்தது, 13 இலம்பகங்கள், 3,000 செய்யுட்களுக்கு மேல். சீவகன் மணம் மேல் மணம் செய்துகொண்டே போவதால் மணநூல் என்று ஒரு பெயரும் உண்டு. கதை அப்படி, உள்ளே இருப்பது சமண சமயம். சைவ மடத்துப் படிப்பில் வளர்ந்தவருக்கு அந்தச் சமயக் கருத்துகள் பிடிபடவில்லை. ஹென்றி பவர் பாதிரியார் 1868-ல் நாமகள் இலம்பகத்தை மட்டும் உரையோடு அச்சிட்டிருந்தார். மற்ற 12 இலம்பகங்களும் ஏட்டிலேயே கிடந்தன. ஒருவரும் தொடாத காட்டில் தாம் மட்டும் தனியாக வழிவெட்டிக்கொண்டிருப்பதாகத்தான் யாரும் நினைத்திருப்பார்கள்.

தோரணம் இங்கேதான் வருகிறது.

கும்பகோணத்திலேயே சமணர்கள் குடியிருக்கும் தெரு ஒன்று இருப்பதாகவும், அவர்களுக்குச் சிந்தாமணி தெரியும் என்றும் சாமிநாதையர் கேள்விப்படுகிறார். சந்தேகங்களை மூட்டை கட்டிக்கொண்டு போகிறார். அவர் போய் நின்ற வீட்டு வாசலில் மாக்கோலம். நிலையில் மாவிலைத் தோரணம். வீடே விழாக்கோலத்தில் இருக்கிறது. ஏதாவது கல்யாணமா, விசேஷமா என்று விசாரிக்கிறார். சிந்தாமணி பாராயணம் இன்றைக்குத்தான் பூர்த்தியானது என்கிறார்கள் வீட்டுக்காரர்கள். பல மாதங்களாக நாள்தோறும் கூடியிருந்து ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்டு, கடைசிப் பாட்டுவரை வந்து சேர்ந்திருக்கிறார்கள். அதற்குத்தான் தோரணம்.

இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். முன்பும் படித்த இடம்தான். அப்போது கண்ணில் படாமல் போயிற்று.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டுப் புலவர்களில் பெரும்பாலோர் பெயரளவில் மட்டும் கேட்டிருந்த நூல். எங்கே ஏடு இருக்கிறது என்று தெரியாமல் ஊர் ஊராகத் தேட வேண்டியிருந்த நூல். அதே நூலை அதே ஊரில், கல்லூரியிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு குடும்பம் தினமும் படித்துக்கொண்டிருந்திருக்கிறது. தொலைந்துபோன நூல் என்று நாம் எழுதிவிடுகிறோம். யாருக்குத் தொலைந்தது? அந்தத் தெருவில் அது தொலையவே இல்லை. அதில் வரும் பெயர்களும் சடங்குகளும் அவர்கள் வீட்டுப் பேச்சு. சாமிநாதையர் நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட இடங்களை அவர்கள் போகிற போக்கில் விளக்கியிருக்கிறார்கள். சந்திரநாத செட்டியார் முதலான அந்தச் சமண நண்பர்களைச் சாமிநாதையர் நன்றியோடு எழுதி வைத்திருக்கிறார். நாம்தான் முதலியாரோடு கதையை நிறுத்திக்கொண்டோம். முதலியார் கொடுத்தது பிரதி. அதைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது அந்தத் தெரு. யார் கொடுத்த புத்தகம் என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் இருக்க முடியும் என்பது எனக்கு இந்த வாரம்தான் உறைத்தது.

இன்னொன்றும் உண்டு. ஒரு புத்தகத்தைப் படித்து முடித்ததற்காக வாசலில் கோலம் போட்ட வீட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ராமாயணம், பாரதம் படித்து முடிக்கிற அன்று பட்டாபிஷேகம் என்று கொண்டாடும் வழக்கம் நமக்குத் தெரியும். அது கோயில், மண்டபம், ஊர்ப்பொது. இது ஒரு வீடு. இன்று நாம் ஒரு நாவலை முடித்தால் அட்டையைப் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்புகிறோம், கட்டைவிரல் வருகிறது, அடுத்ததற்குப் போகிறோம். அதில் தப்பில்லை. மூன்றாயிரம் பாட்டைச் சேர்ந்திருந்து படித்தால் வாசலுக்குத் தோரணம் தானாக வந்துவிடும், அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

சிந்தாமணிக்குள்ளேயே வேறொரு வாசகர் ஒளிந்திருக்கிறார். உரையாசிரியர் நச்சினார்க்கினியர். பாட்டுக்குப் பொருள் சொல்லிக்கொண்டு போகும்போதே, தாம் படித்த பழைய நூல்களிலிருந்து மேற்கோள்களை அள்ளித் தெளிப்பார். எந்த நூல் என்று பல இடங்களில் சொல்லமாட்டார். சொல்லாமலே தெரியும் என்பது அவர் காலத்து நினைப்பு. சாமிநாதையருக்கு அந்த வரிகள் எதிலிருந்து வந்தவை என்று தெரியவில்லை. அவை இருக்கும் ஏடுகளைத் தேடிப் போகிறார். திருவாவடுதுறை மடத்து ஏடுகளில் பத்துப்பாட்டு அகப்படுகிறது. புரட்டப் புரட்ட, உரையில் பார்த்த வரிகள் முழுப் பாட்டாக எதிரே வந்து நிற்கின்றன. சீவக சிந்தாமணி 1887-ல் அச்சில் வந்தது. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. முன்சீப் கேட்ட மூன்றும் 18 ஆண்டுகளில் அச்சேறிவிட்டன, கேட்காதவையும் வந்தன. 1892-லேயே காலமான முதலியார் மணிமேகலையைப் பார்க்கவில்லை.

‘என் சரித்திரம்’ தொடராக வந்தது என்பது என்னைப் போன்ற வாராந்தரக் கூலிக்காரர்களுக்குத் தனி ஆறுதல். 85 வயதை நெருங்கும்போது, 1940 ஜனவரியில், ஆனந்த விகடனில் ஆரம்பித்தார். வாரம் ஒரு அத்தியாயம். அறுபது ஆண்டுக்கு முந்தைய தேதி, கிழமை, யார் வீட்டில் என்ன சாப்பாடு என்பதுவரை எழுதினார். யுத்த பயத்தால் சென்னையே காலியான 1942-ல் திருக்கழுக்குன்றம் போய், அங்கே ஏப்ரல் 28 அன்று காலமானார். 122 அத்தியாயங்களோடு கதை மணிமேகலைப் பதிப்பையொட்டிய ஆண்டுகளில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகான நாற்பதாண்டு வாழ்க்கைக்கு அவர் கையால் எழுதிய கதை இல்லை. மாணவர் கி.வா. ஜகந்நாதன் பிற்பாடு ‘என் ஆசிரியப்பிரான்’ எழுதி மிச்சத்தைச் சொன்னார். தொடர் என்றால் முடிய வேண்டும் என்று கட்டாயமில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய முன்னுதாரணம் எனக்குத் தேவையில்லை. ஆசிரியர் குழு கவனிக்க.

மன்னார்குடி மாட்டுவண்டியைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். ரங்கநாதன் ஐந்து விதிகளை அச்சிட்ட அதே 1931-ல், மன்னார்குடிப் பக்கத்து மேலவாசலிலிருந்து கனகசபைப் பிள்ளை புத்தகங்களை ஏற்றி அனுப்பிய வண்டி அது. படிக்கத் தெரிந்தவர் நூலகத்துக்கு வராவிட்டால் நூலகம் அவர் ஊருக்குப் போகட்டும் என்பதுதான் யோசனை. அதற்கு ஒரு பத்தி போதாது. அந்த வண்டியின் கட்டுமானத்துக்கே தனி வாரம் வேண்டும். ரங்கநாதனைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கணக்கு வாத்தியாராக இருந்தவரைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1924-ல் நூலகராக்கி, படித்து வரச் சொல்லி லண்டனுக்கு அனுப்பியது. திரும்பி வரும் கப்பலில் சும்மா இருக்க மாட்டாமல், கப்பல் நூலகத்துப் புத்தகங்களைத் தாம் புதிதாக யோசித்து வைத்திருந்த முறைப்படி வரிசைப்படுத்திப் பார்த்திருக்கிறார். பயணிகள் என்ன நினைத்தார்களோ!

தொ.ப.வுக்கும் அடுத்த வாரம்தான். ஆனால் அவரை இந்த வாரத்தோடு கோக்க ஒரு நூல் இழை உண்டு. உப்பும் உலக்கையும் பேசிக்கொண்டே வருபவர், தீபாவளி மகாவீரர் முக்தி அடைந்த நாள் என்பதைச் சொல்லி, நம் வீட்டு வழக்கங்களுக்குள் சமணம் எவ்வளவு தூரம் கலந்து கிடக்கிறது என்று காட்டுகிறார். கும்பகோணத்துத் தோரண வீட்டிலிருந்து வந்த கையோடு இதைப் படித்தேன். தனித்தனியாகப் படித்திருந்தால் இரண்டும் இரண்டு தகவல்கள். மேசையில் ஒன்றன்மேல் ஒன்று கிடந்ததால் ஒன்றுக்கொன்று பேசின.

கடைசியாக, வாசகர்களிடம் ஒரு வேலை. தபாலில் வரும் பட்டியல்கள் குவிந்துவிட்டன. இந்த மாதம் படித்தது, இந்த வருடம் படித்தது என்று எண்ணிக்கை போட்டு அனுப்புகிறீர்கள், மகிழ்ச்சி. இனிமேல் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், அதை உங்கள் கையில் கொடுத்தவர் யார், அதைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். கடையில் நானே காசு கொடுத்து வாங்கினேன் என்பவர்கள், அதைப் பற்றி யார் வாயால் முதலில் கேட்டீர்கள் என்று யோசித்து எழுதவும். யாருமே இல்லை என்றால் அந்தப் புத்தகத்தை நீங்கள் யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றாவது எழுதுங்கள். அதுவும் இல்லையென்றால், முகவரியைத் தருகிறேன், எனக்கு அனுப்பிவிடுங்கள்.