கணினி வேகங் குன்றுதல்

பழைய மாணவர் சிலர் மனமுவந்தளித்த கணினியொன்றிலேயே இம்மலருக்குரிய கட்டுரைகளைத் தட்டெழுதி வந்தோம். பாதி வேலை முடியுமுன் அஃது ஆமைநடை கொண்டது. ஒரு பக்கந் திறக்குமுன் தேநீர் அருந்தி முடித்துவிடலாம். பார்வையிட்ட ஒருவர், "செயலி பழுதாயிற்று; வேறு வாங்குங்கள்" என்று கூறிச் சென்றார். வாங்கப் பணமில்லை, அச்சகத்திற்குக் கொடுக்கவேண்டிய நாளோ நெருங்கிற்று. தமிழாசிரியனாகிய யான் பொறியைத் திறக்கத் துணிந்தது இவ்வாறே. உயர்தர வகுப்பு மாணவனொருவன் துணைநின்றான்.

அப்பொறியிலுள்ளது 2011ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெல் ஐ5-2400 என்னுஞ் செயலி. அதன் அடிப்படை வேகம் 3.1 கிகாஹேட்ஸ், அஃதாவது செக்கனுக்கு 310 கோடி துடிப்புக்கள். தேவை நேரின் 3.4 வரை தானே உயரும், வேலையில்லாதபோது 1.6க்கு இறங்கும். இவ்விறக்கத்தைக் கண்டு அஞ்சற்க; மின்சாரத்தைச் சிக்கனஞ் செய்தற்கு அமைந்த ஏற்பாடு அது. இலக்கணத்தில் இயல்பையும் விகாரத்தையும் பிரித்தறிதல் போல, இங்கும் முதற்கண் வேண்டுவது இப்பிரிப்பே. ஆதலின் பொறிக்குக் கடுவேலை கொடுத்து, விண்டோசின் டாஸ்க் மனேஜரில் வேகத்தை நோக்கல் வேண்டும். யாம் நோக்கியபோது, முதலிரு நிமிடம் 3.1க்கு மேல் நின்ற வேகம் பின்னர்ச் சரிந்து 1.6இல் வந்து கிடந்தது.

இச்சரிவே நோயை உணர்த்திற்று. தொடக்கத்திலிருந்தே வேகம் ஓரெல்லையிற் கட்டுண்டு கிடப்பின் ஐயுறவேண்டியவை வேறு. பவர் ஒப்ஷன்ஸ் பகுதியிற் செயலியின் உச்சநிலை 100 நூற்றுவீதத்திற்குக் குறைவாக இருக்கலாம். 99 என்றிருப்பினும் அடிப்படை வேகத்துக்கு மேல் எழாது. பயோஸ் அமைப்பில் டர்போ நிறுத்தப்பட்டிருக்கலாம். செயலி குளிர்ந்திருக்கவும், மதர்போட் பிழையாக வெப்பச் சமிக்ஞை அனுப்பி அதனை அடக்குவதும் உண்டு. ஏறிப் பின் சரிவதாயின், பெரும்பாலுங் காரணம் வெப்பமே. நூறு பாகை செல்சியசை அண்மிக்குங்கால், தன்னைக் காத்தற்பொருட்டுச் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எம்முடையது 97 காட்டிற்று.

மின்னிணைப்பை முற்றாகக் கழற்றி, உலோகச் சட்டத்தைத் தொட்டுக் கைமின்னை நீக்கியபின் மூடியைத் திறந்தோம். விசிறிக்கும் அதன் கீழுள்ள அலுமினியத் தகடுகளுக்கும் இடையே தூசி கம்பளிபோற் படிந்திருந்தது. விசிறி சுழன்றதாயினுங் காற்று உட்புகவில்லை. "விசிறி ஓடுகிறதே" என்று பலர் ஏமாறுவது இவ்விடத்திலேதான். குளிராக்கியை மதர்போட்டிற் பிணிக்கும் நான்கு பிளாஸ்ரிக் கால்களுள் ஒன்று கழன்றிருந்ததை மாணவனே கண்டான். என் கண்ணுக்கு அது தப்பிவிட்டது. ஒரு கால் கழன்றால் குளிராக்கி சாய்ந்து, செயலியோடு முற்றும் பொருந்தாது.

மெல்லிய தூரிகையால் தூசியை நீக்கினோம். அப்போது விசிறி சுழலாதபடி விரலாற் பிடித்துக்கொள்ளல் நன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள வெப்பப்பசையோ, கோடையிற் குளத்துச் சேறுபோல வெடித்துக் கிடந்தது. அதனை ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த துணியால் துடைத்து, புதிய பசையைப் பயறளவு நடுவில் வைத்தோம். அதிகம் வைத்தால் நலமென்று யான் வாதிட்டேன். பசை சிறு இடைவெளிகளை நிரப்புதற்கேயன்றி மெத்தையாதற்கன்று என மாணவன் மறுத்தான். அவன் கூறியதே சரி. பின்னர் நான்கு கால்களையும் மூலைக்கு மூலை மாற்றி, "டக்" என்னும் ஓசை கேட்கும்வரை அழுத்தினோம்.

மீண்டும் அதே கடுவேலையை அரைமணித்தியாலங் கொடுத்தோம். வெப்பம் 66 பாகையைத் தாண்டவில்லை, வேகம் 3.1க்குக் கீழிறங்கவுமில்லை. செலவானது ஒரு சிறு குழாய்ப் பசையின் விலை மாத்திரமே. மலரின் எஞ்சிய பக்கங்களை அன்றிரவே தட்டெழுதி முடித்தோம்.