மூடிய நகரத்தை மீட்ட வீரர்கள்!



பள்ளி விட்டதும், புத்தகப் பையை வீட்டில் போட்டுவிட்டு நேரே மைதானத்துக்கு ஓடுகிறீர்கள். அங்கே போய்ப் பார்த்தால் சுற்றிலும் கம்பி வேலி! 'இனி இங்கே விளையாடக் கூடாது' என்று ஒரு பலகை. உங்களுக்கு எப்படி இருக்கும்?

இடம் வேறொருவருக்குச் சொந்தம்தான். வேலி போட அவருக்கு உரிமை உண்டு. ஆனால், அங்கே நீங்கள் சேர்ந்து ஆடிய ஆட்டம்? அங்கே கிடைத்த நண்பர்கள்? அவையெல்லாம் யாருக்குச் சொந்தம்?

இதே கேள்வி, 2012ம் ஆண்டில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல்லாயிரம் பேருக்கு எழுந்தது. அவர்கள் விளையாடிய மைதானம் மண்ணால் ஆனது அல்ல. கம்ப்யூட்டருக்குள் இருந்த ஒரு நகரம்! அந்த நகரம் மூடப்பட்டதும், அதை நேசித்தவர்கள் 11 ஆண்டுகளுக்கு மேல் விடாமல் முயன்று மீண்டும் திறக்க வைத்ததும் உண்மைக் கதை. கேளுங்கள்.

பறக்கும் மனிதர்களின் நகரம்

அந்த வீடியோ கேமின் பெயர், 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்'. வீரர்களின் நகரம் என்று பொருள். அமெரிக்காவின் கிரிப்டிக் ஸ்டூடியோஸ் இதை உருவாக்கியது. தென்கொரியாவின் என்சிசாஃப்ட் நிறுவனம் 2004 ஏப்ரலில் வெளியிட்டது.

கதை நடக்கும் இடம், 'பாரகன் சிட்டி' என்னும் கற்பனை நகரம். விளையாட வருபவர் முதலில் தனக்கென ஒரு வீரரை உருவாக்க வேண்டும். உயரம், முகம், முகமூடி, உடை, தோளில் தொங்கும் நீளத் துணி என்று எல்லாவற்றையும் தாமே தேர்ந்தெடுக்கலாம். இதிலேயே மணிக்கணக்கில் மூழ்கியவர்கள் உண்டு. பிறகு அந்த வீரர் பறக்கலாம். கட்டடங்களைத் தாண்டிக் குதிக்கலாம். மின்னல் வேகத்தில் ஓடலாம்.

இது ஒருவர் தனியாக மட்டும் ஆடும் விளையாட்டு அல்ல. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் இன்டர்நெட் வழியாக அதே நகரத்துக்குள் வருவார்கள். குழுவாகச் சேர்ந்து கெட்டவர்களை எதிர்ப்பார்கள். ஒருவர் முன்னால் நின்று அடி தாங்குவார். இன்னொருவர் தூரத்திலிருந்து தாக்குவார். மற்றொருவர் காயம்பட்ட நண்பர்களைக் குணப்படுத்துவார்.

இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. பல படிகள் முன்னேறிய ஒருவர், நேற்றுச் சேர்ந்த புதியவரைத் தன் துணைவராகச் சேர்த்துக்கொள்ளலாம். உடனே அந்தப் புதியவரின் பலமும் ஏறக்குறைய பெரியவரின் அளவுக்கு உயர்ந்துவிடும்! இருவரும் சேர்ந்தே சண்டையிடலாம். 'நீ சின்னப் பையன், ஓரமாய் நில்' என்ற பேச்சுக்கே இடமில்லை. நம் மைதானங்களிலும் இப்படி ஒரு விதி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இதனால் அங்கே நட்பு வளர்ந்தது. வெவ்வேறு ஊர்களில் இருந்தவர்கள் தினமும் சந்தித்துப் பேசும் தெருமுனையாக அந்த நகரம் மாறியது.

மூன்று மாதக் கெடு

2012 ஆகஸ்ட் 31. அப்போது இந்த விளையாட்டைக் கவனித்து வந்தது பாரகன் ஸ்டூடியோஸ் என்ற அமைப்பு. அதை மூடுவதாகவும், விளையாட்டையும் அந்த ஆண்டு முடிவதற்குள் நிறுத்துவதாகவும் என்சிசாஃப்ட் அறிவித்தது. பிறகு நவம்பர் 30 என்று நாள் குறிக்கப்பட்டது.

விளையாடியவர்கள் திகைத்துப் போனார்கள். எட்டு ஆண்டுகளாகப் பழகிய நகரம் மூன்றே மாதங்களில் மறையப் போகிறதே!

'விளையாட்டைத்தான் காசு கொடுத்து வாங்கிவிட்டார்களே, பிறகு எப்படி நிறுத்த முடியும்?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி!

பல்லாங்குழியோ, சதுரங்கப் பலகையோ வாங்கினால் அது முழுக்க உங்களுடையது. கடைக்காரர் கடையை மூடினாலும் நீங்கள் ஆடலாம். ஆனால், இந்த வகை வீடியோ கேம் இரண்டு பாகங்களாக இருக்கும். நகரத்தின் கட்டடங்கள், தெருக்கள், உடைகள் ஆகியவற்றின் படங்கள் நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும். யார் எங்கே நிற்கிறார், யார் அடித்தார், யாருக்கு எவ்வளவு பலம் மீதி என்பதைக் கணக்கிடுவது, நிறுவனத்திடம் உள்ள 'சர்வர்' என்னும் பெரிய கம்ப்யூட்டர்கள்.

டிவிப் பெட்டி நம்முடையது. ஒளிபரப்பு நிலையத்தின் கையில். அதுபோலத்தான் இதுவும். சர்வரை நிறுத்திவிட்டால், நம் வீட்டில் இருப்பது வெறும் படங்களே.

தீப்பந்தங்களோடு ஒரு கூட்டம்

ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? யாரையும் திட்டித் தீர்ப்பதோடு நின்றுவிடவில்லை. ஒன்று கூடித் திட்டமிட்டார்கள்.

முதலில், 'விளையாட்டை மூடாதீர்கள்' என்று ஒரு கோரிக்கை மனு தயாரானது. அதில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தனர். பலர் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினர். வீரர்கள் அணியும் முகமூடிகளையும், தோள் துணிகளையும் தபாலில் அனுப்பினர். அமெரிக்க நாவலாசிரியர் மெர்சிடிஸ் லாக்கியும் இந்த விளையாட்டின் ரசிகர். அவரும் இவர்களோடு குரல் கொடுத்தார்.

செப்டம்பர் மாதத்தில் விளையாட்டுக்குள்ளேயே ஒரு பேரணி! நகரத்தில் 'அட்லஸ் பார்க்' என்னும் பகுதி உண்டு. அங்கே பூமிப் பந்தைத் தோளில் தாங்கி நிற்கும் ஒரு மாபெரும் சிலை இருக்கிறது. பலரும் முதன் முதலாக வந்து இறங்கிய இடம் அது. அந்தச் சிலையைச் சுற்றி ரசிகர்களின் வீரர்கள் கையில் தீப்பந்தம் ஏந்தி நின்றார்கள். ஒரே இடத்தில் அத்தனை பேரைத் தாங்க முடியாமல், அட்லஸ் பார்க்கின் பிரதிகள் பலவற்றைக் கம்ப்யூட்டர் திறக்க வேண்டியதாயிற்று!

அக்டோபரில் நிறுவனம் பதில் சொன்னது. விளையாட்டின் உரிமையை வேறு யாருக்காவது விற்கவும் முயன்றதாகவும், அது கைகூடவில்லை என்றும் தெரிவித்தது. முடிவு மாறவில்லை.

2012 நவம்பர் 30. கடைசி இரவு. ரசிகர்கள் தங்கள் நகரத்துக்குள் வந்து ஒருவரிடம் ஒருவர் விடைபெற்றார்கள். சர்வர் நின்றது. திரை இருண்டது.

ஆளில்லாத தெருக்கள்

கதை அதோடு முடிந்ததா? இல்லை.

நகரத்தின் படங்கள் அவரவர் கம்ப்யூட்டரில் இருந்தன என்று சொன்னேன் அல்லவா? அதுதான் நம்பிக்கையின் விதை. புரோகிராம் எழுதத் தெரிந்த ரசிகர்கள் சிலர், ஒவ்வொருவரும் தம் வீரரைப் பற்றிய விவரங்களை மூடுவதற்கு முன்பே சேமித்து வைக்க வழி செய்திருந்தார்கள். அதன்பின், சர்வர் இல்லாமலே நகரத்துக்குள் நடந்து பார்க்கவும் ஒரு புரோகிராம் எழுதினார்கள். 2015ல் வந்த 'பாரகன் சாட்' மூலம், பலர் ஒன்றாக உள்ளே வந்து பேசவும் முடிந்தது.

ஆனால், சண்டை இல்லை, எதிரிகள் இல்லை, காப்பாற்ற யாரும் இல்லை. திருவிழா முடிந்த தெரு மாதிரி இருந்தது. இருந்தாலும், பழைய நண்பர்கள் அங்கே வந்து பேசிக்கொண்டார்கள்.

வேறு சிலர், 'நாமே புதிதாக ஒரு நகரம் கட்டுவோம்' என்று புறப்பட்டார்கள். 2013ல் 'சிட்டி ஆஃப் டைட்டன்ஸ்' என்ற புதிய விளையாட்டுக்காக ரசிகர்கள் தந்த நன்கொடை 6 லட்சம் டாலரைத் தாண்டியது. ஆனால், பெரிய வீடியோ கேம் ஒன்றை உருவாக்குவது லேசான வேலை அல்ல. எதிர்பார்த்ததைவிட நெடுங்காலம் பிடித்தது. ஆடும்போது எளிதாகத் தெரிவதன் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்று அப்போதுதான் பலருக்கும் புரிந்தது.

ஒளித்து வைத்த தின்பண்டம்

2019 ஏப்ரலில் ஒரு செய்தி வெடித்தது.

மூடப்பட்ட விளையாட்டின் மூல புரோகிராம் ஒரு சிறு குழுவினரிடம் சிக்கியிருந்தது. அவர்கள் ஏறக்குறைய ஆறு ஆண்டுகளாக ரகசியமாகச் சர்வர் நடத்தி, நம்பிக்கையான சிலரை மட்டும் சேர்த்துக்கொண்டு விளையாடி வந்திருக்கிறார்கள்!

மற்ற ரசிகர்களுக்குக் கோபம் பொங்கியது. 'நாங்கள் ஏங்கிக்கொண்டிருந்தபோது, நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடினீர்களா?' என்று கேட்டார்கள். வெளியே தெரிந்தால் நிறுவனம் சட்ட நடவடிக்கை எடுத்து, இருப்பதையும் மூடிவிடுமே என்று பயந்ததாக ரகசியக் குழுவினர் விளக்கம் தந்தனர். அந்தப் பயம் பொய்யல்ல. ஆனால், வகுப்பில் ஒருவன் தின்பண்டத்தை மேசைக்கு அடியில் ஒளித்துத் தின்றால் மற்றவர்களுக்கு எப்படி இருக்கும்? அதுபோலத்தான் இருந்தது அவர்களுக்கும்.

கடைசியில் அந்த புரோகிராம் எல்லாருக்கும் கிடைக்கும்படி வெளியிடப்பட்டது. உடனே பல குழுக்கள் சர்வர் தொடங்கின. அவற்றில் பெரிதாக வளர்ந்தது 'ஹோம்கமிங்'. வீடு திரும்புதல் என்று அர்த்தம். எவ்வளவு பொருத்தமான பெயர்! ஆறரை ஆண்டுகளுக்குப் பிறகு, அட்லஸ் சிலையின் கீழே மீண்டும் கூட்டம் கூடியது.

கடைசித் தடை

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள் செல்வங்களே! நகரம் திறந்துவிட்டது. ஆனால், அது சரியான வழியில் திறந்ததா?

இல்லை. விளையாட்டின் பெயரும் புரோகிராமும் இன்னும் என்சிசாஃப்ட்டின் சொத்து. நாம் மிகவும் நேசிக்கிறோம் என்பதற்காகப் பிறர் பொருள் நமக்குச் சொந்தமாகிவிடாது. நிறுவனம் நினைத்தால் எந்த நேரமும் நிறுத்தச் சொல்லலாம் என்ற நிலை.

ஹோம்கமிங் குழுவினர் இதை உணர்ந்திருந்தார்கள். சர்வரில் இருந்து லாபம் எடுக்கவில்லை. செலவுக்கு மட்டும் நன்கொடை பெற்றார்கள். விளையாடக் கட்டணம் கிடையாது. நிறுவனத்தோடு பேச்சு நடத்தினார்கள். ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல. ஆண்டுக்கணக்கில் பொறுமையாகப் பேசினார்கள்.

2024 ஜனவரி 4ல் அந்த நல்ல செய்தி வந்தது. விளையாட்டைத் தொடர்ந்து நடத்தவும், மேம்படுத்தவும் சில நிபந்தனைகளோடு என்சிசாஃப்ட் உரிமம் அளித்தது! மூடி 11 ஆண்டுகள் கடந்தபின், முதன் முதலாக முறைப்படியான அனுமதி. அதே ஆண்டு ஏப்ரலில் விளையாட்டுக்கு 20 வயது நிறைந்தது.

மைதானத்துக்குச் சொந்தக்காரரே வேலியின் கதவைத் திறந்து, 'பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொன்னது போல ஆயிற்று.

நமக்கு என்ன?

நான் ஆசிரியராக இருந்தவன். விளையாட்டுச் செய்தியிலும் பாடம் தேடுவது என் வழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்!

இந்த ரசிகர்கள் முதல் மனுவிலேயே ஜெயிக்கவில்லை. 20 ஆயிரம் பேர் கேட்டும் பதில் 'இல்லை' என்றுதான் வந்தது. ஆனால், கலைந்து போகாமல் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார்கள். தெரிந்தவர்கள் புரோகிராம் எழுதினார்கள். தெரியாதவர்கள் தங்களால் இயன்ற நன்கொடை தந்தார்கள். கையில் கிடைத்த பிறகும், அனுமதி வேண்டும் என்று கேட்டார்கள். கடைசியில் அந்த அனுமதிதான் அவர்களுடைய பயத்தைப் போக்கியது.

உங்கள் பள்ளி நூலகத்தின் நேரத்தைக் குறைத்துவிட்டார்களா? தெருவில் விளையாடும் இடத்தைப் பூட்டிவிட்டார்களா? நாலு பேர் சேருங்கள். ஏன் வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். உரியவரிடம் மரியாதையாகக் கொடுங்கள். 'முடியாது' என்று பதில் வந்தால், என்ன காரணம் என்று கேளுங்கள். அந்தக் காரணத்தை நீக்க உங்களால் என்ன செய்ய முடியும் என்று யோசியுங்கள். பிறகு மறுபடி போய்க் கேளுங்கள்!

தெரிந்துகொள்வோம்: 10 லட்சம் கையெழுத்து!

பிரான்ஸ் நாட்டின் யூபிசாஃப்ட் நிறுவனம் 2014ல் 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டை வெளியிட்டது. 2024 மார்ச் 31ல் அதன் சர்வர் நிறுத்தப்பட்டது. காசு கொடுத்து வாங்கியவர்களால் தனியாகக்கூட ஓட்டிப் பார்க்க முடியவில்லை. இதனால், 'விற்ற விளையாட்டைப் பின்னர் கைவிட்டாலும், ஆடக்கூடிய நிலையில் விட்டுச் செல்ல வேண்டும்' என்று கேட்டு ஓர் இயக்கம் பிறந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 லட்சம் குடிமக்கள் ஒரு கோரிக்கையில் கையெழுத்திட்டால், அதை அதிகாரிகள் பரிசீலித்துப் பதில் தர வேண்டும் என்பது விதி. இந்தக் கோரிக்கையின் கையெழுத்துகள் 2025 ஜூலையில் 10 லட்சத்தைத் தாண்டின!