உஷார்! போனில் யாரையும் கைது செய்ய முடியாது!

வீட்டில் வயசானவங்க தனியா இருக்காங்களா? பிள்ளைங்க பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்காங்களா? பேங்கில் நாலு காசு டெபாசிட் கிடக்குதா? அப்போ உங்களைத்தான் தேடிக்கிட்டு இருக்காங்க. முழுசாப் படிச்சிருங்க.

கோவையில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். பேர் வேண்டாம், பாதி சொந்தக்காரங்களுக்கே இன்னும் தெரியாது. காலையில் ஒரு போன். "உங்க பேர்ல மும்பையில ஒரு பார்சல் பிடிபட்டிருக்கு. உள்ள போதைப்பொருள்." அடுத்து வீடியோ கால். திரையில் காக்கிச் சட்டை. "நீங்க டிஜிட்டல் அரெஸ்ட்ல இருக்கீங்க. கேமராவை அணைக்கக் கூடாது. யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது." மகன் கூப்பிட்டபோது, "தலைவலி கண்ணு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். பேங்க் மேனேஜர், "இவ்வளவு பணம் எதுக்குங்கம்மா?" என்று கேட்கத்தான் செய்தார். "எடம் வாங்கறோமுங்க" என்றார் டீச்சர், அவர்கள் சொல்லிக் கொடுத்தபடியே. ஆயுசு பூரா சேர்த்தது ஒரே கையெழுத்தில் போய்விட்டது.

விவரமானவங்க ஏமாற மாட்டாங்கன்னு நினைச்சுக்காதீங்க. லூதியானாவின் வர்த்மான் ஜவுளிக் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலை நம்ம மில்காரங்களுக்கு நல்லாவே தெரியும். 2024-ல் அவருக்கு 82 வயது. போலியாக ஓர் உச்ச நீதிமன்ற விசாரணையையே ஆன்லைனில் நடத்தி, தலைமை நீதிபதி மாதிரி ஒருத்தனைப் பேசவைத்து, 7 கோடி ரூபாயைப் பறித்தார்கள். அதில் சுமார் 5.25 கோடி மீட்கப்பட்டது. எல்லாருக்கும் அப்படித் திரும்பி வராது.

ஏன் ஏமாறுகிறோம்? "எங்க குடும்பத்துல யாரும் ஸ்டேஷன் படி மிதிச்சதில்லை" என்பது நமக்குப் பெருமை. திருடனுக்கு அதுதான் முதலீடு. நிஜக் கைது எப்படி இருக்கும் என்று தெரியாதவரைத்தான் பொய்க் கைதில் உட்கார வைக்க முடியும்.

கவனிங்க. போனை வைக்காதே என்றால், திருடன். வீட்டில் சொல்லாதே என்றால், திருடன். வாட்ஸ்அப்பில் வாரண்ட் அனுப்பினால், திருடன். "உங்க பணத்தைச் சரிபார்த்துட்டுத் திருப்பித் தர்றோம்" என்றால், சந்தேகமே வேண்டாம், திருடனேதான்!

எந்தப் போலீசும் கேமரா வழியாகக் கைது செய்யாது. எந்தக் கோர்ட்டும் உங்கள் டெபாசிட்டை மாற்றச் சொல்லாது. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே நிஜப் போலீசுக்கு உத்தரவு போட்டிருக்கிறது.

சரி, நிஜப் போலீஸே வாசலில் வந்து நின்றால்? ஓடாதீங்க. மறிக்காதீங்க. ஆனால் வாயை மூடிக்கிட்டு வண்டியில் ஏறவும் வேண்டாம். கேளுங்க.

கைது செய்பவரின் பெயர் சட்டையில் தெளிவாகத் தெரிய வேண்டும். கைதுக் குறிப்பு எழுத வேண்டும். அதில் வீட்டார் ஒருவரோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், கைதானவரும் போட வேண்டும். டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் விதித்த நெறிகள் இவை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இருக்கின்றன. எதற்காகக் கைது என்று சொல்லியே ஆகணும். நீங்கள் காட்டும் ஒருவருக்குத் தகவல் போகணும். மருத்துவப் பரிசோதனை செய்யணும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம். பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தணும். வீட்டுப் பெரியவங்களுக்கு இன்னொன்று: 60 வயதைக் கடந்தவர் மீது மூன்று ஆண்டுக்கும் குறைவான தண்டனைக்குரிய வழக்கு என்றால், டி.எஸ்.பி. அந்தஸ்து அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் கைது செய்யவே முடியாது.

பெண்களா? அந்தி சாய்ந்த பிறகு, விடிவதற்கு முன் கைது கூடாது. விதிவிலக்கான சூழ்நிலை என்றால் பெண் அதிகாரி வரணும், மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்கியிருக்கணும்.

"சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடறோம்" என்ற வார்த்தைக்கும் உஷார்! 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரை நகை காணோம் என்ற புகாரில் விசாரிக்கத்தான் கொண்டு போனார்கள். உயிரோடு திரும்பவில்லை. அதனால் ஆள் எந்த ஸ்டேஷனுக்குப் போகிறார், கூட்டிப் போனது யார், எத்தனை மணிக்கு என்று வீட்டில் ஒருத்தர் எழுதி வைச்சுக்குங்க. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே போடாதீங்க, எவ்வளவு தன்மையாகக் கேட்டாலும் சரி.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று கலங்க வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். உதவி எண் 15100. போன் திருடனிடம் பணம் போய்விட்டால் மானம் பார்த்துக்கிட்டு உட்காராதீங்க, உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடிங்க. பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் உண்டு.

இந்த இரண்டு எண்ணையும் இன்றைக்கே அம்மா, அப்பா போனில் பதிஞ்சு குடுத்துருங்க.