இல்லாத பொறியில் ஒரு சோதனை

கணினியில் இயங்கும் செய்நிரல்கள், நினைவகத்தில் இடம் பெறுதல், கோப்பைத் திறத்தல் முதலிய பொதுவேலைகளுக்குத் தனித்தனியே வழி வகுத்துக்கொள்வதில்லை. அவற்றுக்குரிய கூறுகளைத் திரட்டி வைத்த களஞ்சியமே முறைமை நூலகம் எனப்படும். அதிலே ஒரு பிழை புகுந்தால், அப்பகுதியைச் சார்ந்த செய்நிரல் ஒவ்வொன்றும் அப்பிழைக்கு ஆளாகும். ஆதலின் நூலகத்தை நன்கு சோதித்தல் இன்றியமையாதது.

ஆயின், பொறியே கையில் இல்லாதபோது சோதிப்பது எங்ஙனம்? இதற்கு விடையாக அமைந்ததே எமியுலேற்றர் எனும் போலச்செய் பொறி. பெயரளவிலேயே அது பொறி. உண்மையில் அதுவும் மென்பொருளேயாம். வேறொரு பொறிக்குரிய கட்டளைகளை வாசித்து, அப்பொறி தரவேண்டிய விளைவை இருக்கின்ற கணினியிலேயே அது தரும். 1975ஆம் ஆண்டில் பில் கேற்ஸும் போல் அலனும் அல்ரெயர் 8800 கணினிக்குப் பேசிக் மொழியை ஆக்கியபோது அவ்வியந்திரம் அவர்களிடம் இருக்கவில்லை. அதன் 8080 சில்லைப் போலச்செய்யும் செய்நிரலை அலன் எழுதினார். அதனை ஹாவாட் பல்கலைக்கழகக் கணினியில் இயக்கியே பேசிக்கைச் சோதித்தனர்.

நம் காலத்தில், 2010இல் பேர்க்லியில் தோன்றிய றிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியைக் காண்க. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் உருவாக்கிய ‘சக்தி’ முறைவழியாக்கி இவ்வகையினதே. 2018இல் அது சில்லாக வடிக்கப்பட்டு லினக்ஸை இயக்கிற்று. அவ்வாண்டு பெப்ரவரியில் வெளிவந்த குனூ சீ நூலகத்தின் 2.27ஆம் பதிப்பும் இத்தொகுதிக்கு இடமளித்தது. குயேமு என்னும் போலச்செய் பொறி, இக்கட்டளைகளைச் சாதாரண மடிக்கணினியிலும் இயக்கவல்லது.

நினைவகத்தில் ஓரிடத்திலுள்ள பைற்றுக்களை மற்றோரிடத்துக்குப் பிரதிசெய்யும் சிறு கூறொன்றை எடுத்துக்கொள்வோம். 0, 1, 7, 8, 9 எனப் பல நீளங்களில் அதனைச் சோதித்தல் வேண்டும். மூலத்தின் இறுதிப் பைற்றை அடுத்து, வாசிக்கத் தடைசெய்த பக்கம் ஒன்றையும் வைத்தல் வேண்டும். தடையை மீறி ஒரு பைற்றேனும் வாசிக்கப்படின் செய்நிரல் நின்றுவிடும், பிழையும் வெளிப்படும். திசையன் பதிவகத்தின் அகலத்தை 128, 256, 512 பிற்று என மாற்றி மாற்றிச் சோதிப்பதற்கும் குயேமுவில் அமைப்பை மாற்றினாற் போதும். மூன்று சில்லுகள் வேண்டியதில்லை.

எனினும் இங்கு வெற்றியுற்றது மெய்ப்பொறியிலும் வெற்றியுறும் என்று துணிதல் தவறு. றிஸ்க்-ஃபைவ் நினைவகச் செயல்களின் வரிசை மாறுவதற்கு இடந்தருவது. நாம் வழங்கும் இன்ரெல் வகைக் கணினியோ அவ்வரிசையைப் பெரிதும் காப்பது. ஆதலால் பல இழைகள் ஒருங்கே ஓடும்போது மெய்ப்பொறியில் எழக்கூடிய பிழை, போலியில் மறைந்துகிடக்கலாம். வேகத்தையும் போலியைக்கொண்டு அளக்கவியலாது.

கோடையில் அமைதியான வாவியிலே தோணி வலிக்கப் பழகியவன், மாரியில் கிரான்–புலிபாய்ந்தகல் வீதியை மூடிப் பாயும் வெள்ளத்தை அறிந்தவனாகான். ஆயினும் அப்பழக்கமின்றி வெள்ளத்தில் இறங்குவோன் அறிவிலியே. சில்லு வாங்க வசதியற்ற கிரான் மாணாக்கனும் தன் நூலகத்தைப் போலியிலே பலநூறு முறை சோதிக்கலாம். ஆனால் இறுதித் தீர்ப்பை மெய்ப்பொறிக்கே விடுதல் வேண்டும்.